காய்ச்சாத மாவு

நாம் எல்லோரும் இப்போது சோற்றைக் கண்டால் பயப்படும் வயதுக்கு வந்துவிட்டோம். ஒரு கரண்டி கூடினால் மீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பார்க்கிறோம். மாவுச்சத்து என்ற சொல்லே நம் வட்டாரத்தில் வசவு மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் நடைப்பயிற்சியில் ஒருவர் அதை விஷம் என்றே சொன்னார். ஆனால் அந்த விஷத்துக்காகப் பரிந்து பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தம்பி உயிரோடு இருக்கிறான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கைலாசபுரத்தில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா வெல்டர். கீழ்வீடு என்பதால் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லும் ஒரு முருங்கையும் எங்களுடையவை. தம்பிக்கு நான்கு வயது. பொம்மைக்கு இருப்பது போல உப்பிய கன்னம், முன்னால் தள்ளிய வயிறு. பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி, நல்ல ஊட்டம் என்று அம்மாவைப் பாராட்டுவார்கள். கையும் காலும் குச்சியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வயதுக்கு உயரமும் இல்லை. காலையில் எழுப்பினால் சில நாள் எழவே மாட்டான். உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்து, துணி போலத் துவண்டு கிடப்பான். வாயில் ஏதாவது ஊட்டியதும் சிறிது நேரத்தில் சரியாகிவிடுவான். தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். ஒருநாள் காலை கை கால் வெட்டி இழுத்தபோதுதான் அப்பாவும் அம்மாவும் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே குழந்தைகள் டாக்டர் ஒரு அம்மாள், காகிதத்தில் படம் போட்டு விளக்கினாராம். நாம் சாப்பிட்டதில் மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் சங்கிலி சங்கிலியாகக் கோத்துச் சேர்த்து வைக்கும். கிழங்கிலும் விதையிலும் செடி மாவைச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். வயிறு காலியானதும் கல்லீரல் அந்தச் சங்கிலியை அவிழ்த்து ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுக்கும். என் தம்பியின் கல்லீரலுக்குச் சேர்க்கத் தெரிந்தது, கொடுக்கத் தெரியவில்லை. அதனால்தான் வயிறு வீங்கியது. அதனால்தான் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் போனால் ரத்தத்தில் சர்க்கரை இல்லாமல் சாய்ந்தான்.

மருந்துச் சீட்டில் இருந்தது மருந்தே இல்லை. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் வெள்ளை மாவு. கடையில் கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் மஞ்சள் அட்டைப்பெட்டியில் கொடுப்பார்களே, ஐஸ்கிரீம் செய்யவும் சூப்பைக் கெட்டியாக்கவும் வாங்குவார்களே, அது. பச்சைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சாமல், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். ராத்திரியிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு வீட்டில் குளுக்கோஸ் பொடி. அவ்வளவுதான். ஏன் காய்ச்சக் கூடாது என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை என்று அம்மா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அந்த மாவை விரல் நுனிகளுக்கு நடுவில் அழுத்தினால் புதுச்செருப்பு போலக் கிறீச்சிடும். தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி ஆகும், கொஞ்ச நேரம் விட்டால் அடியில் சுண்ணாம்பாக உட்கார்ந்துவிடும். தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். இரண்டு மாதம் அம்மா லீவு போட்டு வீட்டிலிருந்து கொடுத்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவன் ஒருநாள்கூடச் சாயவில்லை.

லீவு முடிந்தது. அம்மா ஸ்ரீரங்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கஞ்சி போட்டு விறைத்த சேலை சரசரக்க, ஏழரை மணிக்கு மாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், இரண்டு பஸ் மாறிப் போய் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவாள். பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்ள மணப்பாறையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. முறுக்குச் சுட்டு விற்பது அவள் தொழில். எங்களுக்காக அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் அவள். அதை நான் எப்போதும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

மாவு விஷயத்தில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. அரிசி மாவைக் கையில் அள்ளி முகர்ந்தே எந்த நாள் அரைத்தது என்பாள். வயிறு கெட்ட பிள்ளைகளுக்குக் கூவைக்கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றித் தேற்றியவள். அம்மா அவளிடம் மருந்துச் சீட்டைக் காட்டி, பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். அத்தை தலையாட்டினாள்.

ஒரு வாரத்துக்குள் தம்பி பகலில் சாய ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாடும் ஆகி, மூன்று மணி வாக்கில் விளையாடிக்கொண்டிருப்பவன் திடீரென்று சிணுங்குவான், வியர்ப்பான், சுவரோரம் சரிவான். நான் நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்போது அத்தை அவனை மடியில் போட்டுக் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டிக்கொண்டிருப்பாள். அத்தையின் முகம் அவனைவிட வெளுத்திருக்கும். அம்மா இருக்கும் காலையிலும் இரவிலும் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. பகலில் மட்டும் வந்தது.

குவார்ட்டர்ஸ் பெண்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்குத் தாய் ஏக்கம். அம்மா பக்கத்தில் இருந்தால் தேறுகிறான், அவள் பஸ் ஏறினால் வாடுகிறான், இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்கள். இப்போது யோசித்தால் அவர்கள் பார்த்ததில் தப்பே இல்லை. பார்த்ததற்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

ஐப்பசி மழையில் ஒருநாள் மறுபடி வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மழையிலேயே ஸ்கூட்டரில் அத்தையையும் தம்பியையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குளுக்கோஸ் ஏற்றி அவன் கண் திறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று மாலை அப்பா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஹாலில் நின்றார்.

“நீ வேலைக்குப் போனது போதும்,” என்றார் அம்மாவிடம். “எனக்குப் புள்ளை வேணும்.”

அம்மா மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் ராஜினாமா எழுதினாள். அவள் கையெழுத்து கரும்பலகை எழுத்து போல உருண்டையாக இருக்கும். அன்று அது சாய்ந்திருந்தது. வாரம் முடிந்து திங்கட்கிழமை கொடுப்பதாகப் பேச்சு. கடிதம் ரேடியோவுக்கு அடியில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதன் நுனி கண்ணில் பட்டது.

அதே வாரம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. செடி எப்படி மாவு செய்கிறது என்பது எங்கள் மேசை. செம்பருத்தித் தொட்டியை இருட்டு அலமாரியில் வைத்து, பிறகு ஓர் இலைக்கு நடுவில் கறுப்புக் காகிதப் பட்டை சுற்றி நாள் முழுக்க வெயிலில் விட்டோம். அந்த இலையை ஸ்பிரிட்டில் வேகவைத்தால் பச்சையெல்லாம் இறங்கி நனைந்த காகிதம் போல வெளுக்கும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதன்மேல் அயோடின் விட்டால் வெயில் பட்ட இடம் முழுக்கக் கருநீலம். பட்டை மறைத்த இடம் மட்டும் வெளிர் பழுப்பு. வெயிலை இலை மாவாக்குகிறது என்பதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். உருளைக்கிழங்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மாவு பொடியாகத் தெரியாது. ஒவ்வொன்றும் வளையம் வளையமாக அடுக்கிய சிப்பி மாதிரி ஒரு மணி.

எனக்குக் கொடுத்த வேலை, வாயில் ஊறும் எச்சில் மாவைச் சர்க்கரையாக மாற்றுவதைக் காட்டுவது. மாவில் அயோடின் விட்டு நீலமாக்கி, எச்சிலைக் கலந்தால் மாவு உடைய உடைய நீலம் போய்விடும். தம்பியின் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை கார்ன் ஃப்ளவரைத் தாளில் மடித்துக் கொண்டுபோனேன். தண்ணீரில் கரைத்தேன், அயோடின் விட்டேன், எச்சிலைக் கலந்தேன். நீலம் போகவில்லை. பக்கத்தில் என் தோழி சோறு வடித்த கஞ்சியை வைத்திருந்தாள். அவளுடையது சில நிமிடத்தில் வெளுத்துவிட்டது. என்னுடையது அடியில் கருநீல வண்டலாக உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

டீச்சர் என் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். “காய்ச்சாம கொண்டுவந்தா எப்படி? பச்சை மாவு மணி மணியா இறுகிக் கெடக்கும். அதைக் கரைக்க எச்சிலுக்கு மணிக்கணக்கா ஆகும். காய்ச்சினாத்தான் வெடிச்சு இளகும்,” என்றார். என் இடத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டார். எனக்குச் சார்ட் ஒட்டும் வேலை. பசை தீர்ந்துவிட்டது, வீடு பக்கம்தானே, மைதாவில் கொஞ்சம் பசை காய்ச்சிக்கொண்டு வா என்று அனுப்பினார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மணி பதினொன்றரை இருக்கும். அத்தை அடுப்படியில் நின்று சின்னப் பாத்திரத்தில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் அட்டைப்பெட்டி. பாத்திரத்தில் வெள்ளை மறைந்து, கண்ணாடி மாதிரித் தெளிந்த கஞ்சி கொழகொழவென்று குமிழியிட்டது. நான் காய்ச்ச வந்த பசையும் அப்படித்தான் இருக்கும்.

“இது யாருக்கு அத்தை?”

“உன் தம்பிக்குத்தான். பச்சை மாவை ஊத்தினா அந்தக் குடலு தாங்குமா? உங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டுத் திரியாதே. படிச்சவங்களுக்கு மாவைப் பத்தி என்ன தெரியும்.” சொல்லிக்கொண்டே உப்புக் கல் ஒன்றைப் போட்டாள். அவ்வளவு பிரியமாகக் கிண்டினாள்.

அடுப்பின் முன்னால் நின்றபடியே எனக்கு எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. காய்ச்சிய மாவு சில நிமிடத்தில் சர்க்கரையாகிவிடும். தம்பிக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. மணி மணியாக, மெதுவாக, நாலு மணி நேரமும் தேய்ந்துகொண்டே இருக்கும் மாவு. பள்ளியில் நான் தோற்றதற்குக் காரணமான அதே இறுக்கம்தான் அவனைக் காப்பாற்றுவது. நான் சொன்னால் அத்தை கேட்க மாட்டாள், மாலையில் அம்மாவிடமே சொல்வது என்று வைத்துக்கொண்டு, பசை காய்ச்சாமலே திரும்பிப் போய்த் திட்டு வாங்கினேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். நான் நினைத்தது போல நடக்கவில்லை. அம்மா அதிர்ந்துபோய், “அண்ணி, காய்ச்சவா செஞ்சீங்க?” என்றாள். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. தன் கையால் கொடுத்ததில்தான் பிள்ளைக்கு வலிப்பு வந்தது என்று சொல்கிறார்களா என்று கேட்டாள். பிறகு பையில் சேலைகளை மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குப் போவதாக முடிவு. அப்பா அம்மாவைத்தான் கோபித்தார். அதே மாவு, அதே தண்ணீர், காய்ச்சினால் சீக்கிரம் செரிக்கும், அது நல்லதுதானே என்றார். அம்மாவுக்குச் சீட்டில் இருந்தது தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

“ரெண்டும் ஒண்ணு இல்லப்பா. நான் காட்டுறேன்,” என்றேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்கு அப்பா முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஹால் தரையில் உட்கார்ந்தோம். இரண்டு கண்ணாடி டம்ளர், முதலுதவிப் பெட்டியில் இருந்த டிங்சர் அயோடின், ஒரு கிண்ணம் பச்சை மாவுத் தண்ணீர், அத்தை முறையிலேயே காய்ச்சி நீர்க்க விட்ட கஞ்சி ஒரு கிண்ணம். அத்தை தன் பையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பச்சை மாவில் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாகிவிட்டது. கஞ்சியில் விட்டேன். நீலம் வரவில்லை. இன்னொரு சொட்டு. வெறும் மஞ்சள் கலங்கல். என் காது சூடாகிவிட்டது. அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழுந்து, “போதும், எடுத்து வை,” என்றார். டம்ளரை எடுக்கப் போன என் கை சுட்டது. அப்போதுதான் உறைத்தது. கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருந்தது, அந்தச் சூட்டில் அயோடின் நீலம் பிடிக்காது. ஆறட்டும் என்று கெஞ்சினேன். அம்மா தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றி டம்ளரை அதில் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரின் ஓரத்திலிருந்து நீலம் கிளம்பி, உள்ளே பரவி, முழுக்க மைக்கூடு ஆயிற்று. எழுந்த அப்பா மறுபடி உட்கார்ந்தார்.

“என் எச்சில்னா நம்ப மாட்டீங்க அத்தை. நீங்களே துப்புங்க.”

அத்தை தயங்கினாள். இரண்டிலும் துப்பினாள். ஆளுக்கு ஒரு கரண்டியால் கலக்கினோம், நான் ஒன்றை, அவள் ஒன்றை. கஞ்சி இருந்த டம்ளர் அவள் கையில். முதலில் நீலம் ஊதாவாயிற்று. பிறகு செம்பழுப்பு. தம்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான். வாசலில் காய்கறி வண்டிக்காரர் கூவிவிட்டுப் போவதற்குள் அத்தையின் டம்ளர் அரிசி களைந்த தண்ணீர் போல ஆகிவிட்டது. என்னுடையதில் கருநீலம் அப்படியே இருந்தது. கலக்கினால் எழுந்தது, விட்டால் வண்டலாக உட்கார்ந்தது.

அப்பா இரண்டையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டவைத்த இரும்பில் கீறல் தேடுகிற அதே பார்வை. நெடுநேரம் பார்த்தார்.

அத்தைதான் முதலில் பேசினாள். “அரிசி மாவுல வெந்நி விட்டா ஒட்டிக்கும், பச்சைத் தண்ணி விட்டா உதிரும். தெனம் பாக்குறேன். வெந்தா அது வேற பொருளாயிடுது.” கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் ஊத்தினதெல்லாம் அப்பவே கரைஞ்சு போயிருக்கு. புள்ளை பட்டினி கெடந்திருக்கான்.”

அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முழங்காலில் கை வைத்தாள். பதினொன்றரைக்கு அத்தையே எழுந்து பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்தாள். தம்பி குடித்து முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்திருந்தாள். பையில் இருந்த சேலைகள் மறுபடி கொடிக்கு வந்தன. என் டம்ளரை விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தேன், அப்போதும் நீலம் இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா பின்பக்கக் கல்லில் சேலைக்குக் கஞ்சி போட்டு உதறிக் காயப்போட்டாள். ரேடியோவுக்கு அடியில் இருந்த கடிதத்தை அப்பா எப்போது எடுத்தார், என்ன செய்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து ஓடி வந்தேன். அத்தை படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், வியர்க்கிறதா என்று. கடைசியில் அவனே, தொடாதீங்க அத்தை, என் ஆட்டம் கெடுது என்றானாம். முருங்கையைச் சுற்றி ஓர் ஓணானைத் துரத்திக்கொண்டிருந்தான். அத்தை என்னைப் பார்த்து, “வேர்க்கல,” என்றாள். அதை அன்று எத்தனை பேரிடம் சொன்னாள் தெரியுமா? பால்காரரிடம்கூடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடிகாரத்துக்கு முன்னால் அவள் எழுந்து நிற்பாள். கரண்டியில் மாவைத் தட்டிச் சமன் செய்யாமல் போடவே மாட்டாள். பாவம் பிள்ளைக்கு ஒரு வாய் காய்ச்சித்தான் கொடேன் என்ற பக்கத்து வீட்டு அம்மாளை உட்காரவைத்து, அயோடினும் டம்ளரும் எடுத்துவரச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். துப்பச் சொல்லி அவரையே சாட்சியாக்கினாள். அந்தக் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் எங்கள் வீட்டு டம்ளரில் துப்பியிருக்கிறார்கள். பள்ளிக் கண்காட்சியில் என் தோழிதான் பரிசு வாங்கினாள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

தம்பிக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. காட்டூரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். இன்றும் நேரம் தவறாமல் பச்சை மாவு. அவன் மகள் கரைத்துக் கொடுக்கிறாள், அதே முகச்சுளிப்போடு குடிக்கிறான். அம்மா தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். அத்தை இப்போது இல்லை. மஞ்சள் அட்டைப்பெட்டியின் வடிவம்கூட மாறிவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பொங்கல் லீவில் ஒருநாள்தான். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

உச்சிப் பிள்ளையாருக்கு அத்தை ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் மலைக்கோட்டைக்குப் போனோம். கீழே மாணிக்க விநாயகர் சன்னிதியைக் கும்பிட்டுவிட்டு வந்து, தூணோரம் உட்கார்ந்து, அத்தை பாட்டிலைக் குலுக்கித் தம்பிக்கு மாவுத் தண்ணீர் கொடுத்தாள். நானூறுக்கும் மேலே படி. அப்பா வழக்கம் போலக் குனிந்து அவனைத் தோளில் ஏற்றப் பார்த்தார். அவன் விலகிக்கொண்டான்.

“நான் நடப்பேன்.”

பாறைக்குள் குடைந்த படிகள், இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் வாடையும். அப்பா இரண்டு கையையும் விரித்தபடி அவனுக்குப் பின்னாலேயே ஏறினார், எந்த நொடியும் விழுவான் என்பது போல. அவன் விழவில்லை. நூறாவது படியில் நின்று மூச்சு வாங்கினான், சிரித்தான், ஏறினான். தாயுமானவர் சன்னிதியைத் தாண்டி வெளியே வந்ததும் வெயிலும் காற்றும் முகத்தில் அடித்தன. பாறையில் வெட்டிய கடைசிப் படிகளை அவன் கையூன்றித் தவழ்ந்து ஏறினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உச்சிக்கு முதலில் போனது அவன். அவனுக்குப் பின்னால் அப்பா, பிறகு நாங்கள். கீழே காவிரி வெள்ளிப் பட்டையாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தென்னைகளுக்கு மேலே நின்றன.

அத்தையைக் காணோம். பார்த்தால், கீழே பாதிப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெயிலில் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை, இது ஏறி வந்த வியர்வை.

“அத்தை,” என்று கீழே கூப்பிட்டான், “நான் வந்து தூக்கிட்டு வரட்டுமா?”